தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்த நாய்: எட்டு மாத வயதில் திடீர்ப் பசியின்மை, ஒரு நிகழ்வு ஆய்வு

எட்டு மாத ஆண் நாய். கலப்பினம், எடை 16 கிலோ. தடுப்பூசிகள், 16 வாரத்துக்குப் பிறகு போடவேண்டிய கடைசித் தவணை வரை முடிந்தவை. குடற்புழு மருந்து ஆறு வாரத்துக்கு முன் கொடுத்தாகிவிட்டது. உணவு ஒரு நாளைக்கு 300 கிராம் உலர் உணவு, காலையும் மாலையுமாக இரண்டு வேளை. தட்டு தரையைத் தொடுவதற்குள் மூக்கை நுழைத்துவிடும் ரகம். அந்த நாய் ஒரு காலையில் பாதித் தட்டை மீதம் வைத்தது. நான்காம் நாள் அறுவை மேசையில் கிடந்தது.

கற்பதற்காகத் தொகுத்த நிகழ்வு இது. இளம் நாய்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் போக்கை ஒரே நாயின்மேல் வைத்து எழுதியிருக்கிறோம். எண்கள் அந்த எடையுள்ள நாய்க்குப் பொருந்தும்படி அமைத்தவை. அறுவையைவிட அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்கே இங்கே அதிக இடம். தவறு நடந்தது அங்கேதான்.

மூன்று நாட்கள், வேளை வேளையாக

முதல் நாள் காலை பாதி மீதம், மாலையில் கால்வாசிதான் இறங்கியது. விளையாட்டில் குறை இல்லை, மலம் வழக்கம்போல. வெயில் காரணமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். முதல் நாளைப் பொறுத்தவரை அது தப்பான கணிப்பும் இல்லை.

இரண்டாம் நாள் காலை நடந்ததை அருகிலிருந்து பார்க்க வேண்டும். தட்டை வைத்ததும் நாய் வந்தது. வால் ஆடியது. மூக்கைத் தட்டின் விளிம்புவரை கொண்டுபோனது. நாக்கால் மேலுதட்டை இரண்டு தரம் நக்கியது, வாயில் ஒன்றும் இல்லாமலே எச்சிலை விழுங்கியது, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு நகர்ந்தது. வாசலுக்குப் போய்ப் புல்லை மென்றது. பத்து வினாடிகூட ஆகவில்லை. மதியம் மஞ்சள் நுரையாக ஒரு வாந்தி.

அன்று மாலை, உலர் உணவை மறுக்கிறதே என்று வேகவைத்த கோழி இறைச்சி சுமார் 100 கிராமை வெதுவெதுப்பாகக் கையில் வைத்து ஊட்டினார்கள். சாப்பிட்டது. வீட்டில் நிம்மதி. 'உடம்புக்கு ஒன்றுமில்லை, ருசி கண்டுவிட்டது, அடம் பிடிக்கிறது' என்று முடிவானது.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கோழி அப்படியே வெளியே வந்தது. நார் நாராகப் பிரித்துக் கொடுத்த துண்டுகள், வடிவம் மாறாமல், புளித்த வாடையுடன். சாப்பிட்டு 14 மணி நேரம் கழிந்திருந்தது. அதன்பின் குழம்பு ஊற்றி நனைத்த உலர் உணவை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிஸ்கட் ஒன்றை வாயில் வாங்கிக் கீழே போட்டது. தண்ணீரை ஆவலாகக் குடித்தது, இருபது நிமிடத்தில் கக்கியது. இரவுக்குள் மேலும் மூன்று வாந்தி. நடுவில் ஒருமுறை சளி கலந்த சிறிதளவு மலம் வந்ததைப் பார்த்து, 'வயிறு வேலை செய்கிறது, அடைப்பு இருக்காது' என்று மறுபடி ஒரு நிம்மதி. அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே குடலில் இருந்த மலம் வெளியே வருவதை எந்த அடைப்பும் தடுக்காது.

நான்காம் நாள் காலை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள்.

இரண்டாம் நாள் மாலை சொன்னது என்ன

பசியின்மை என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். தட்டின் முன் நின்று பார்த்தால் அதற்குள் மூன்று வேறு நிலைகள் இருக்கின்றன. முதலாவது, சாப்பிட முடியாத நாய். தட்டுக்கு ஆவலாக வரும், உணவை வாயில் எடுக்கும், கீழே போடும், தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்லும், சில சமயம் முனகும். பல், ஈறு, நாக்கு, தாடை, தொண்டை என்று தேட வேண்டும். இரண்டாவது, குமட்டும் நாய். வரும், முகரும், உதட்டை நக்கும், எச்சிலை விழுங்கும், திரும்பும். மூன்றாவது, தட்டுப் பக்கமே வராத நாய். காய்ச்சல், கடும் வலி, தொற்று, நஞ்சு, ஹார்மோன் கோளாறு ஆகியவை இப்படித்தான் தெரியும். உணவை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவருக்கு மூன்றுமே 'சாப்பிடவில்லை' என்றுதான் படும். ஆகவே தட்டை வைத்தபின் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், முடிந்தால் கைபேசியில் படம் பிடியுங்கள். மருத்துவருக்கு அந்த அரை நிமிடக் காட்சி நீண்ட விவரிப்பைவிட உதவும்.

இந்த நாய் இரண்டாம் நாளிலேயே குமட்டல் வகையைத் தெளிவாகக் காட்டிவிட்டது. பிறகு ஏன் கோழியைச் சாப்பிட்டது? குமட்டல் ஒரே அளவில் நிற்பதில்லை, அலை அலையாக வந்து போகும். வாந்தி எடுத்து வயிறு காலியான பின் சில மணி நேரம் தணிந்திருக்கும். அந்த இடைவெளியில் உடல் சூட்டுக்குச் சூடாக்கிய, மணம் மிகுந்த இறைச்சியை, நம்பும் ஒருவர் கையால் கொடுத்தால் பல நாய்கள் வாங்கிக்கொள்ளும். அதிலிருந்து தெரிவது, விழுங்கும் திறன் இருக்கிறது என்பது மட்டும். குடல் திறந்திருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 'பிடித்ததைச் சாப்பிடுகிறது, பிடிக்காததை ஒதுக்குகிறது, ஆகவே அடம்' என்ற வாதம்தான் இளம் நாய் விஷயத்தில் அதிக நாட்களைத் தின்னும் வாதம் என்பது எங்கள் கணிப்பு. அடத்தைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பதினான்கு மணி நேரம் கழித்து வந்த கோழி அதைவிட உரத்த அறிகுறி. சாதாரண உணவு அதற்குள் வயிற்றைவிட்டு இறங்கியிருக்க வேண்டும். 12 மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டது செரிக்காமல் வாந்தியாக வந்தால், வயிற்றின் வெளிவாயிலிலோ அதை ஒட்டிய குடலிலோ தடை இருக்கலாம், அல்லது வயிறு அசைவற்றுக் கிடக்கலாம். எதுவாக இருந்தாலும் அன்றே பார்க்க வேண்டியது. வாந்தியைத் துடைத்தெறியும் முன் என்ன வந்தது, எப்போது சாப்பிட்டது என்று குறித்துக்கொள்வதன் பயன் இதுதான்.

உண்மையிலேயே ஒன்றுமில்லாத நேரங்களும் உண்டு

எல்லா மீதத் தட்டும் நோயாகாது. நான்கு மாதம் வரை வளரும் குட்டிக்கு, ஓய்வுநிலைத் தேவையைப் போல மூன்று மடங்கு கலோரி தேவைப்படும். அதன்பின் ஏறக்குறைய இரு மடங்காகக் குறையும். ஓய்வுநிலைத் தேவையைச் சுமாராகக் கணக்கிட எடையை 30 ஆல் பெருக்கி 70 ஐக் கூட்டலாம். 16 கிலோ நாய்க்கு 550. இரு மடங்கு என்றால் 1,100 கிலோ கலோரி, அதாவது 300 கிராம் உலர் உணவு அளவு. வளர்ச்சி வேகம் குறையும் மாதங்களில் முந்தைய அளவையே வைத்துக்கொண்டிருந்தால் மீதம் விழத்தான் செய்யும். பயிற்சிக்காகக் கொடுக்கும் தின்பண்டமும் கணக்கில் சேரும். மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தட்டில்தான் தெரியும்.

நான்கு முதல் ஏழு மாதம் வரை பல் மாறும் காலம். 28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் வரும்போது கடினமான உணவை ஓரிரு நாள் தவிர்க்கும், நனைத்துக் கொடுத்தால் தின்னும். தடுப்பூசி போட்ட பின் ஒன்றிரண்டு நாள் மந்தம், பருவமெய்திய ஆண் நாய்க்கு அருகில் பெண் நாய் இணைசேரும் பருவத்தில் இருப்பது, புது வீடு, கடும் வெப்பம் எல்லாம் பசியைக் குறைக்கும். இவற்றுக்குப் பொதுவான அடையாளம்: நாய் மற்ற எல்லாவற்றிலும் நாயாகவே இருக்கும். ஓடும், குரைக்கும், தண்ணீர் வழக்கம்போல் குடிக்கும், வாந்தி இராது, எடை இறங்காது, எச்சிலை விழுங்கிக்கொண்டு தட்டைவிட்டு விலகாது.

வீட்டில் பார்த்திருக்க வேண்டியவை

கருவி அதிகம் வேண்டாம். ஒரு வெப்பமானி, தராசு, அளவுக் குவளை, ஒரு தாள். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் நீர் வற்றத் தொடங்கிவிட்டது. வெளுப்பு, மஞ்சள், செங்கல் சிவப்பு, நீலம் எதுவானாலும் உடனே கிளம்ப வேண்டும். கருப்பு ஈறுள்ள நாய்க்குக் கீழிமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

வெப்பமானி முனையில் வாசலின் தடவி ஆசனவாயில் இரண்டு செ.மீ. அளவு வைத்தால் போதும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 103 ஐத் தாண்டினால் காய்ச்சல். 99 க்குக் கீழே போனால் காய்ச்சலைவிட மோசம். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30 ஐத் தாண்டக் கூடாது. தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் மீதத்தை அளக்கவும். ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மி.லி. வழக்கமான அளவு, 100 ஐத் தாண்டுவது அதிகம்.

வாயைத் திறந்து பார்க்கும்போது மேலண்ணத்தில் குறுக்காகச் சிக்கிய எலும்போ குச்சியோ உண்டா என்று பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியில் நூல் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள். மறுமுனை குடலில் மாட்டியிருந்தால் இழுக்கும் நூல் குடற்சுவரை ரம்பம்போல் அறுக்கும்.

இந்த வீட்டில் விட்டுப்போனது இன்னொன்று: பொம்மைகளை எண்ணுவது. நாய் கடித்து விளையாடிய ரப்பர் பந்தின் பாதி சோபாவுக்கு அடியில் பல் தடத்துடன் கிடந்தது. மறுபாதி எங்கே என்று நான்காம் நாள், மருத்துவர் கேட்ட பிறகுதான் தேடினார்கள். இளம் நாய் சாப்பிட மறுத்தால் முதல் நாளே பொம்மை, காலுறை, குப்பைக்கூடை, செருப்பு, மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

வாந்தி இல்லை, நாய் சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் வீட்டில் 24 மணி நேரம் பொறுக்கலாம். வழக்கமான உணவில் கால்பங்கை வெதுவெதுப்பான நீரில் நனைத்து வையுங்கள். பதினைந்து இருபது நிமிடம் கழித்துத் தட்டை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கக் கண்முன் கிடக்கும் உணவு குமட்டலைக் கூட்டும், எவ்வளவு உள்ளே போனது என்ற கணக்கும் குழம்பும். ஊசிக்குழலால் வாயில் திணிக்காதீர்கள். குமட்டும் நேரத்தில் திணித்த உணவை நாய் வெறுக்கப் பழகும், மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வேறு. பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற மனித மாத்திரை எதுவும் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்க உப்பைக் கரைத்து ஊற்றும் பழக்கம் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி நாயையே கொல்லும்.

பொறுக்கக் கூடாத நாய்களும் உண்டு. நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டி, கைக்குள் அடங்கும் சிறு இனங்கள் ஆகியவற்றுக்கு ஒரு வேளை, அதிகம் போனால் இரண்டு வேளைதான் கெடு. கல்லீரலில் சேமிப்பு குறைவு, ரத்தச் சர்க்கரை சடாரென இறங்கும். தள்ளாட்டமோ நடுக்கமோ கண்டால் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிக்கொண்டே புறப்பட வேண்டும். வயது எதுவானாலும் இரண்டு முறைக்கு மேல் வாந்தி, ரத்தம், குடித்த தண்ணீரும் நிற்காமை, வீங்கி இறுகிய வயிறு, முன்னங்காலை நீட்டி மார்பைத் தரையில் வைத்துப் பின்பகுதியை உயர்த்தி நிற்கும் நிலை, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம், சாக்லேட், திராட்சை, எலி மருந்து தின்ற சந்தேகம், இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருப்புக்கு இடமில்லை.

மருத்துவமனையில் கண்டது

எடை 15.1 கிலோ. நான்கு நாளில் 900 கிராம் போயிருந்தது, உடல் எடையில் ஐந்தரை சதவீதத்துக்கு மேல். வெப்பம் 102.2. இதயத் துடிப்பு 138. ஈறு பிசுபிசுப்பு, நிறம் திரும்ப 2.5 வினாடி, தோளில் கிள்ளிய தோல் மெதுவாக இறங்கியது. நீரிழப்பு சுமார் 7 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது.

வயிற்றைத் தடவிப் பார்த்தபோது முதலில் இறுக்கத்தைத் தவிர ஒன்றும் தட்டுப்படவில்லை. பிறகு உதவியாளர் நாயின் முன்னங்கால்களைத் தூக்கிப் பின்காலில் நிறுத்தினார். விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கும் மேல்வயிற்று உறுப்புகள் இந்த நிலையில் கீழே சரியும். வலப்பக்கம் கெட்டியான ஏதோ ஒன்று விரல்களுக்கு இடையில் வழுக்கியது, நாய் தலையைத் திருப்பிப் பார்த்தது. சின்னச் செயல்தான், பல நேரம் செய்யாமல் விடப்படுவது.

இளம் நாய் என்றதும் பார்வோவை, கடும் வாந்தியும் கழிச்சலும் தரும் வைரஸ் தொற்றை, விலக்காமல் நகரக் கூடாது. தடுப்பூசி முழுமை, வெள்ளணு 14,200 (பார்வோவில் பெரும்பாலும் விழும்), மலப் பரிசோதனை எதிர்மறை. நோயின் ஆரம்பத்தில் அந்தப் பரிசோதனை பொய்யாக எதிர்மறை காட்டுவதுண்டு, அதனால் மூன்றையும் சேர்த்தே எடைபோட்டார்கள். உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணு பெரும்பாலும் குறையும், இங்கே 2,60,000 என்ற எண் அதற்குப் பொருந்தவில்லை, ரத்தப் பூச்சிலும் ஒட்டுண்ணி இல்லை. அட்ரினல் சுரப்புக் குறைவான அடிசன் நோய் இளம் நாய்களில் 'சாப்பிடவில்லை, வாந்தி, தளர்ச்சி' என்று வந்து எல்லோரையும் ஏமாற்றும். அதில் பொதுவாகச் சோடியம் இறங்கிப் பொட்டாசியம் ஏறும், இரண்டின் விகிதம் 27 க்குக் கீழே போகும். இங்கே சோடியம் 138, பொட்டாசியம் 3.1, விகிதம் 44.

திறவுகோல் ரத்த உப்புகளில் இருந்தது. குளோரைடு 94 (இயல்பு 105 முதல் 115 வரை), பொட்டாசியம் தாழ்வு, காரத்தைக் காட்டும் பைகார்பனேட் உயர்ந்து 31. எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. சாதாரண வாந்தியில் வயிற்று அமிலத்துடன் குடலின் காரநீரும் சேர்ந்து வெளியேறும், ரத்தத்தின் அமில கார நிலை பெரிதாக ஒரு பக்கம் சாயாது. வயிற்றின் வாயிலை ஒட்டி அடைபட்டால் அமிலம் மட்டுமே திரும்பத் திரும்பப் போகும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் போகும்போது குளோரைடு போகிறது, ரத்தம் காரமாகிறது. அந்தக் காரத்தைச் சரிக்கட்டும் முயற்சியில் சிறுநீரகம் பொட்டாசியத்தை இழக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த தாள் கையில் வந்தால் அடைப்பு மேலேதான் என்று ஏறக்குறைய முகவரியே எழுதித் தந்ததுபோல.

எக்ஸ்ரே உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் உயரம் 14 மி.மீ., விரிந்த குடல் வளையத்தின் அகலம் 26 மி.மீ., விகிதம் 1.86. விகிதம் 1.6 ஐத் தாண்டினால் சந்தேகம், 2.4 ஐ எட்டினால் அடைப்பு ஏறக்குறைய உறுதி. இது இரண்டுக்கும் நடுவில். இடப்பக்கம் படுக்கவைத்து எடுத்த படம் மட்டும் கூடுதலாக ஒன்று காட்டியது: அந்த நிலையில் வயிற்றிலுள்ள காற்று வெளிவாயிலுக்கும் முன்சிறுகுடலுக்கும் ஏறும், அவை விரிந்து கிடப்பது தெரிந்தது. துணி, மெல்லிய ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் எக்ஸ்ரேயில் நிழலே விழாமல் போகலாம். 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்பதை 'உள்ளே ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவது இந்த வகை நிகழ்வின் அடுத்த பொறி. அல்ட்ராசவுண்டில் பளிச்சென்ற ஒரு வளைகோடு, அதன்கீழ் அடர்ந்த நிழல், மேலே நீர் நிறைந்து தளும்பும் குடல், கீழே வெறுமையான குடல். முடிவாயிற்று.

மேசைக்கு முன் நான்கு மணி நேரம்

குடல் துளைபட்டதற்கான அடையாளம் இல்லாததால் மயக்க மருந்துக்கு முன் உப்புகளைச் சீர்செய்ய நேரம் எடுத்தார்கள். பற்றாக்குறை: 15 கிலோவில் 7 சதவீதம், 1,050 மி.லி. அன்றாடத் தேவை கிலோவுக்கு 60 வீதம் 900 மி.லி. பற்றாக்குறையில் பாதியை முதல் நான்கு மணியில் ஈடுசெய்வதென்றால் மணிக்கு 131, அன்றாடத் தேவை மணிக்கு 37, ஆக மணிக்கு ஏறத்தாழ 170 மி.லி. திரவம் 0.9 சதவீத உப்புநீர். இழந்தது குளோரைடு என்பதால் அதுவே பொருத்தம். லிட்டருக்கு 28 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தால் கிலோவுக்கு மணிக்கு 0.32 வரும். 0.5 என்ற மேல்வரம்பைத் தாண்டக் கூடாது, தாண்டினால் இதயம் நின்றுவிடக்கூடும். இதனாலேயே பொட்டாசியம் கலந்த பையை எந்த அவசரத்திலும் வேகமாகத் திறந்துவிடுவதில்லை.

வாந்தி மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெட்டோகுளோபிரமைடு வயிற்றையும் குடலையும் உந்தித் தள்ளும், அடைப்புள்ள குடலில் அது கூடாது. மரோபிடன்ட் அப்படித் தள்ளாது. ஆனால் காரணம் தெரியாமல் போட்டு அனுப்பினால் வாந்தி நின்றுவிடும், குடல் கெடுவது நிற்காது. பசியைத் தூண்டும் மருந்தும் அப்படியே. நாய்களுக்கென்றே 2016 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காப்ரோமொரெலின் நல்ல மருந்துதான். அடைப்பு, நஞ்சு, தொற்று விலக்கப்பட்ட பிறகு.

அறுவையில் வெளிவாயிலிலிருந்து இரண்டு சாண் தூரத்துக்குள், நடுச்சிறுகுடலின் தொடக்கத்தில், நான்கு செ.மீ. நீளப் பிறை வடிவ ரப்பர் துண்டு இருந்தது. குழிந்த பக்கத்தில் பித்தமும் கோழி நாரும் அடைந்திருந்தன. பக்கவாட்டில் கொஞ்சம் நீர் கசியும் அளவு இடம் இருந்ததால்தான் இரண்டு நாள் வாந்தி குறைவாக இருந்தது. பகுதி அடைப்பு இப்படித்தான் நாளைக் கடத்தும். பொருளுக்கு மேலே குடல் கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தாலும் நாளங்கள் துடித்தன, கிள்ளியபோது சுருங்கியது. வெட்டி இணைக்க வேண்டியிருக்கவில்லை. பொருளுக்குச் சற்றுக் கீழே, கெடாத திசுவில், குடல்தாங்கிச் சவ்வுக்கு எதிர்ப்பக்கம் கீறி எடுத்தார்கள். வீங்கிய இடத்திலேயே கீறினால் தையல் பிடிக்காது. கரையும் ஒற்றையிழை நூலால் 3 மி.மீ. இடைவெளியில் தைத்து, உப்புநீர் செலுத்திக் கசிவு பார்த்து, மேலே கொழுப்புச் சவ்வைப் போர்த்தினார்கள். மூடும் முன் வயிறு முதல் பெருங்குடல் வரை முழுவதையும் விரலால் உருவிப் பார்த்தார்கள். ஒரு துண்டைத் தின்ற நாய் இன்னொன்றையும் தின்றிருக்கலாம். இதில் வேறொன்றும் இல்லை.

மீண்டும் தட்டு

குடலில் தையல் இருக்கிறதென்று நாட்கணக்கில் பட்டினி போடுவது பழைய வழக்கம். குடற்சுவரின் உள்ளணுக்கள் ஊட்டத்தைக் குடலுக்குள் ஓடும் உணவிலிருந்தே பெருமளவு எடுத்துக்கொள்கின்றன. சீக்கிரம் உணவு கிடைத்தால் சீக்கிரம் ஆறும். மயக்கம் முழுதாகத் தெளிந்து ஆறு மணி நேரம் கழித்துத் தண்ணீர் சிறிது சிறிதாக, பன்னிரண்டாம் மணியில் முதல் உணவு.

அளவு இங்கே முக்கியம். நான்கு நாள் சரியாகச் சாப்பிடாத உடலுக்கு ஒரேயடியாக முழு உணவு கொடுத்தால் வாந்தியும் கழிச்சலும் வரும், பட்டினி நீண்டிருந்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து வேறு சிக்கலும் வரும். 15 கிலோவுக்கு ஓய்வுநிலைத் தேவை 520 முதல் 535 கிலோ கலோரி. முதல் நாள் அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 180. கிராமுக்கு ஒரு கலோரி தரும், கொழுப்புக் குறைந்த ஈர உணவில் ஆறு வேளைக்கு வேளைக்கு 30 கிராம். இரண்டு மேசைக்கரண்டிதான். 'இவ்வளவுதானா?' என்று எந்த வீட்டாரும் கேட்பார்கள். இரண்டாம் நாள் மூன்றில் இரண்டு, மூன்றாம் நாள் முழு ஓய்வுநிலைத் தேவை. அதன்பின் ஒரு வாரம் பத்து நாளில் பழைய 1,100 க்கு ஏற்றி, ஈர உணவிலிருந்து உலர் உணவுக்குச் சிறிது சிறிதாக மாற்றினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் முதல் வரி பசியைப் பற்றியது. குடல் தையல் விட்டுப்போகும் ஆபத்து மூன்று முதல் ஐந்தாம் நாள் வரை அதிகம். அதுவரை நன்றாகச் சாப்பிட்ட நாய் அந்த நாட்களில் மறுபடி தட்டை ஒதுக்கினால், காய்ச்சலோ வாந்தியோ தொடங்கும் வரை காத்திராமல் வர வேண்டும். இரவானாலும் சரி. கழுத்துக் கூம்பு 12 நாள், ஓட்டம் குதியாட்டம் கிடையாது, வாரோடுதான் வெளியே. மாத்திரையை உணவில் ஒளித்துக் கொடுக்க வேண்டாம், தனியே ஒரு சிறு உருண்டையில் கொடுத்தால் போதும். மெட்ரோனிடசோல்போன்ற கசப்பு மருந்து ஒருமுறை நாக்கில் பட்டால் அந்த உணவின்மேலேயே சந்தேகம் விழுந்துவிடும்.

இந்த நாய்க்கு நான்காம் ஐந்தாம் நாட்கள் தொல்லையில்லாமல் கடந்தன. பன்னிரண்டாம் நாள் தோல் தையல் பிரிக்கும்போது எடை 15.8. தட்டு மீண்டும் தரையைத் தொடும் முன்பே காலியாகத் தொடங்கியிருந்தது. ஒரே ஒரு உணவை மட்டும் தொடவில்லை. ஆறாம் நாள் வீட்டார் ஆசையாக வேகவைத்துக் கொடுத்த கோழியை முகர்ந்தது, உதட்டை நக்காமல், எச்சிலை விழுங்காமல், நேராகத் திரும்பிப் பக்கத்துக் கிண்ணத்திலிருந்த ஈர உணவுக்குப் போனது. குமட்டலின்போது வயிற்றில் கிடந்த உணவை நாய் பல வாரம் மறப்பதில்லை. கோழியை நிறுத்தி வைத்து, மூன்று வாரம் கழித்து உலர் உணவில் ஒரு விரற்கடை நீளத் துண்டைக் கலந்து ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு நாள் அந்தத் துண்டை மட்டும் தட்டில் ஒதுக்கி வைத்தது. மூன்றாம் நாள் தட்டு காலி.